புதுப்பிப்பு: மச்சான் கொடுத்த போலி சம்பளச் சீட்டு

போன வாரம் கேட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் இருக்கும் என் மச்சான் 2023-ல் ஒரு புரோக்கர் தயார் செய்து கொடுத்த போலி சம்பளச் சீட்டைக் காட்டி 3 லட்சம் கடன் வாங்கினான். இப்போது வங்கி நோட்டீஸ் வந்திருக்கிறது. பணத்தைக் கட்டினால் முடிந்துவிடுமா?

முடியாதாம். நேற்று எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அண்ணாச்சியைப் பார்த்தோம். "தவணை தவறினது வேற, பொய்ச் சீட்டு கொடுத்தது வேற. ரெண்டையும் குழப்பாதிய"ன்னு முதலிலேயே சொல்லிவிட்டார். தவணை பாக்கி சிவில் விஷயம். போலிச் சீட்டு கிரிமினல். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததால் பழைய தண்டனைச் சட்டத்தின் 420, 468, 471 பிரிவுகள் வரும். அதன் பிறகு என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), 336(3), 340. மோசடிக்கும், மோசடி செய்யப் போலி ஆவணம் தயாரித்ததற்கும் 7 வருடம் வரை சிறை.

வங்கி சம்மதித்தால் மோசடிக்கான 420-ஐக் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். போலி ஆவணப் பிரிவுகளில் அந்த வழி இல்லை. வழக்குப் பதிவானால், அதை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட வேண்டும். இதைக் கேட்டதும் அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

"புரோக்கர்தான் செஞ்சான்" என்பதும் முழுசாக நிற்காது. விண்ணப்பத்தில் கையெழுத்து மச்சானுடையது. சீட்டு பொய் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். ஆனாலும் புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம் என்றார்.

போலீஸ் புகார் இதுவரை இல்லை. திங்கட்கிழமை வக்கீலோடு கிளைக்குப் போகிறோம், கட்டுவதற்கு ஒரு தொகையும் கையில் இருக்கிறது.