வாசிகசாலைத் தளபாடக் காசும் ‘லாச்சி’ விசயமும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வாசிகசாலைத் தளபாடங்களுக்கென்று சங்கத் தலைவர் அண்ணை அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். இரண்டு அலுமாரி, லாச்சி வைத்த மேசை ஒன்று, இருபது கதிரை என்று போட்டு, அடியில் ஒரே தொகை. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் ரொறன்ரோ மாமா, “லாச்சி சிங்களச் சொல், சங்கக் கடிதத்தில் இழுப்பறை என்று திருத்துங்கோ, மானம் போகுது” என்று எழுத, ஆளாளுக்கு அதன் பின்னால் போய்விட்டீர்கள்.

மாமா, அது சிங்களம் இல்லை. அவர்கள் ‘லாச்சுவ’ என்பார்கள். அவர்களும் எங்களைப் போல ஒல்லாந்தரிடம் எடுத்ததுதான். டச்சில் இழுப்பறைக்கு ‘லாட’ என்று பெயர். சின்னதாக இருந்தால் ‘லாட்யே’. வேகமாகச் சொன்னால் லாச்ச என்றே காதில் விழும். ஒல்லாந்தில் இருக்கும் என் பெறாமகனைக் கேட்டேன். வருமானம் வருவதை அங்கே ‘லாச்சிக்குள் காசு கொண்டுவருவது’ என்றே இன்றைக்கும் சொல்வார்களாம். எங்கள் சங்க லாச்சிக்குள் போன காசு பிறகு எங்கே போனது என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி. அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர் அவர்களுடைய சொல். கக்கூசும் அவர்களுடையதுதான், அதைத் திருத்தச் சொல்லி ஒருவரும் எழுதக் காணோம். அவர்களுக்கு முன்பு, 1619 இல் நல்லூர் அரசைப் பிடித்த போர்த்துக்கீசர் விட்டுப்போனவை அலுமாரி, மேசை, கதிரை. மாமா சொல்கிறபடி திருத்தத் தொடங்கினால் அந்தப் பட்டியலில் ‘இரண்டு’, ‘ஒன்று’, ‘இருபது’ மட்டும்தான் மிஞ்சும். பெருமைதான் வேண்டுமென்றால், தமிழ்நாட்டார் போர்த்துக்கீசச் சொல்லான சாவியைப் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் திறப்பு என்று சொல்கிறோமே, அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நான் எழுத வந்த விசயம். ஆவணியில் ஊருக்குப் போன மச்சாள், எங்கள் ஐயா வாசிகசாலைக்குக் கொடுத்த முதிரை அலுமாரியை ஒரு வீட்டு விறாந்தையில் கண்டிருக்கிறா. உள்ளே நெல்லு மூட்டை. யார் வீடு என்று இங்கே எழுதவில்லை. அந்த வீட்டாரும் இந்த மடலை வாசிக்கிறார்கள். மரம் உக்கிவிட்டது, எறிந்தாயிற்று என்று போன கூட்டத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். எறிந்த அலுமாரிக்கு மச்சாள் பார்க்க வார்னிஷ் அடித்திருக்கிறது.

அதன் கீழ் லாச்சியில்தான் பழைய சந்தாக் கொப்பிகள் இருந்தன. லாச்சி பூட்டியபடியே இருக்கிறதாம். திறப்பு யாரிடம் என்று தலைவர் அண்ணை எழுதட்டும், பிரித்த கணக்கும் வரட்டும். அதற்குப் பிறகு என் பங்கை அனுப்புகிறேன்.