அழகன்குளம் பக்கம் பச்சை படிந்த கருங்கட்டி: இங்கே செம்புச் சுரங்கம் இருந்ததா?

ஆற்றங்கரைத் தம்பி:
எங்கள் தோப்பில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் பானை ஓடுகளோடு ஒரு கட்டி கிடைத்தது. கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். கறுப்பு, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, இன்னொரு பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மூலையில் பச்சை படிந்திருக்கிறது. நம் பக்கம் பழைய செம்புச் சுரங்கம் ஏதாவது இருந்ததா? ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கீழக்கரை சபுராளி:
தம்பி, நம் கரையில் மணலும் வண்டலும் கடற்பாறையும்தான். செம்புத் தாது வெட்ட மலை வேண்டும்.

நான் ஓமானில் சொஹார் பக்கம் லாரி ஓட்டியவன். வாதி ஜிஸ்ஸி மலைகளுக்குள் போனால் செம்பு உருக்கும்போது கழிந்த கறுப்புக் கசடு மேடு மேடாகக் கிடக்கும். காலை வைத்தால் நொறுங்கும். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன்: உருகி ஓடிய வரிகள் அப்படியே உறைந்திருந்தன, நடுவில் கடுகளவு பச்சைப் புள்ளிகள். கசடில் சிக்கிக்கொண்ட செம்பு மணிதான் களிம்பேறி அப்படி ஆகியிருக்கிறது. அந்த மணிக்காகவே பழைய ஆட்கள் கசடைத் திரும்ப இடித்துப் பொறுக்கியிருக்கிறார்கள்.

செம்பு உருக 1,085 டிகிரி சூடு வேண்டும். துருத்தியும் மரக்கரியும் இல்லாமல் அது நடக்காது. தாதில் இருக்கும் இரும்பும் மணற்சத்தும் (சிலிக்கா) சேர்ந்து கசடாக வழிந்துவிடும், செம்பு அடியில் தங்கும். கிடைக்கிற செம்பைவிடக் கசடு பல மடங்கு. அதனால் சுரங்கம் இருந்த இடத்தை மறைக்கவே முடியாது. பழைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர் ‘மாகன்’ (Magan) என்று எழுதிய நாடு ஓமான்தான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே அங்கிருந்து அவர்களுக்குச் செம்பு போனது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மறுபடி பெரிய அளவில் உருக்கினார்கள். ஜோர்டானின் ஃபைனானிலும் பழங்காலத்தில் செம்பு உருக்கினார்கள்; அந்த உலோகத்தூள் இன்னும் மண்ணில் இருக்கிறது, அங்கே மேயும் ஆடுகளின் உடம்பிலும் ஏறுகிறது. ரோமர் காலத்தில் செம்பு உருக்கிய புகை கிரீன்லாந்துப் பனியில்கூடப் படிந்திருக்கிறது. உலை அணைந்தாலும் அதன் அழுக்கு போகாது என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்தும் விஷயம்.

அப்புறம் உங்கள் கட்டி. சுரங்கம் இல்லாவிட்டாலும் பட்டறை இருந்திருக்கலாமே! அழகன்குளம் சும்மா ஊர் இல்லை. 1986-87 முதல் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து ரோமானியக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறது. மேற்கே கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த சரக்கில் செம்பும் உண்டு என்று பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்கிறது. வெளிச் செம்பை இங்கே மூசையில் (உலோகம் உருக்கும் மண் கிண்ணம்) உருக்கி வார்த்திருந்தால் இப்படி ஒரு கட்டி மிஞ்சும். கூடவே மூசைத் துண்டு ஏதாவது கிடந்ததா?

கமுதி கரிமூட்டம்:
எங்கள் மூட்டத்திலும் மேலே பூசிய மண் வெந்து கட்டியாகும். ஆனால் அது இலேசாக இருக்கும். கனம் என்கிறீர்கள், அப்படியானால் இரும்புக் கிட்டமாக, அதாவது இரும்பு உருக்கிய கசடாக இருக்கலாம். காந்தம் வைத்துப் பாருங்கள்.

கீழக்கரை சபுராளி:
காந்தம் ஒட்டினாலும் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். செம்புக் கசடிலும் இரும்பு நிறைய உண்டு. பச்சை இருப்பதால்தான் நான் செம்புப் பக்கம் சாய்கிறேன்.

ஆற்றங்கரைத் தம்பி:
காந்தம் இலேசாக இழுக்கிறது பாய். ஓடுகளைத் திரும்பப் பார்த்தேன். அதில் ஒரு துண்டு தடித்த களிமண், உட்பக்கம் மட்டும் உருகிக் கண்ணாடிபோல் இருக்கிறது. கட்டியைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கவா?

கீழக்கரை சபுராளி:
ஐயோ, தேய்க்காதீர்கள் தம்பி! அந்தப் பச்சையைத்தான் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். தண்ணீர்கூட வேண்டாம், இரண்டையும் தனித்தனித் தாளில் மடித்து வையுங்கள். எவ்வளவு ஆழம், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள், குழியைப் படம் எடுங்கள். கன்றை வேறு இடத்தில் வைத்துவிட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்வார்கள். இடம் தெரியாத கட்டியை வைத்து அவர்களால் எதுவும் சொல்ல முடியாது.