தடிச்ச கோட்டில் மேல் காஜாவும் கீழ் காஜாவும் மட்டும் கட்டி தட்டுது, வழி சொல்லுங்க

ஏற்காட்டுத் தையல்:
வணக்கம். அப்பாவுக்கு ஒரு குளிர் கோட்டு தைச்சிட்டு இருக்கேன். காலையில 6 மணிக்கே காப்பித் தோட்டத்துக்குள்ள இறங்கிடுவார். மார்கழிப் பனிக்குத் தாங்கணும்னு வெளியே ட்வில், உள்ளே ஃப்ளீஸ், பட்டன் பட்டிக்குள்ள கேன்வாஸ் வச்சிருக்கேன். மொத்தம் 7 காஜா (பட்டன் நுழையுற ஓட்டை), எல்லாம் நெட்டுவாக்குல. நடுவுல 5 அழகா வந்துருச்சு. காலர் தையலை ஒட்டி மேலே ஒண்ணு, அடி மடிப்பை ஒட்டிக் கீழே ஒண்ணு, இது ரெண்டும்தான் பாடாய்ப் படுத்துது. மெஷினோட ஃபூட், அதான் துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதம், பாதி மேட்டுல ஏறிச் சாய்ஞ்சு நின்னுடுது. துணி நகரவே மாட்டேங்குது, ஊசி ஒரே இடத்துல குத்திக் குத்தி நூல் பந்தாகுது. மேல் காஜாவை 2 தடவை பிரிச்சாச்சு. இன்னொரு தடவை பிரிச்சா துணி தாங்காது.

வீட்டு ஜிக்ஜாக் மெஷின். பட்டனைப் பின்னாடி மாட்டி ஒரே ஓட்டத்துல காஜா எடுக்கிற நீள ஃபூட். ஊசி 14. சேலத்துல காஜா மெஷின் வச்சிருக்கிறவங்க எடுத்துத் தருவாங்க, தெரியும். ஆனா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகாம, அப்பா கோட்டை முழுசா என் கையாலயே முடிக்கணும்னு ஆசை.

அம்மாபேட்டை அக்கா:
மெஷின்ல கோளாறு இல்லம்மா. அந்த ஃபூட் நீளமானது, அடியில முழுசும் சமமா உட்கார்ந்தாத்தான் ஊசித் தட்டுல இருக்கிற பல்லு துணியைப் பிடிச்சு இழுக்கும். ஒரு முனை மேட்டுலயும் மறு முனை பள்ளத்துலயும் இருந்தா நடுவுல பிடிப்பே இருக்காது. பள்ளத்தைத் தூக்கி மேட்டுக்குச் சமமாக்குங்க. கோட்டுல வெட்டின அதே துண்டுத் துணியை ரெண்டா மூணா மடிச்சு, ஃபூட்டுல தாழ்ந்து நிக்கிற பக்கம் அடியில கொடுங்க. ஊசி குத்துற இடத்துக்குள்ள மட்டும் வரக்கூடாது.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. காலர் தையலுக்கு உள்ளே விட்ட துணியெல்லாம் ஒரே அளவுல இருக்கா? படிப்படியா, ஒண்ணைவிட ஒண்ணு குறைச்சு வெட்டியிருந்தா மேடு பாதியாயிருக்கும். இப்போ மூடித் தைச்சாச்சுன்னா விடுங்க, அடுத்த கோட்டுக்குச் செய்யுங்க.

ஏற்காட்டுத் தையல்:
ஒரே அளவுலதான் விட்டேன் அக்கா, மூடியும் தைச்சுட்டேன். கோட்டைத் தலைகீழாத் திருப்பி வச்சு எடுத்தா உதவுமா?

அம்மாபேட்டை அக்கா:
நல்லா உதவும். ஃபூட்டோட நீளமான வால் பின்பக்கம்தான் இருக்கு. அந்த வால் கோட்டோட சமமான பக்கம் படுக்கிற மாதிரி திருப்பிக்கோங்க. முதல் தையல் எந்த முனையில ஆரம்பிக்கும்ங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால துண்டுத் துணியில ஒண்ணு ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் குறி போடுங்க. இடம் இருந்தா அந்தக் காஜாவை மேட்டை விட்டு 1 செ.மீ. தள்ளியே எடுங்க. கீழ் காஜா கொஞ்சம் ஏறி இருந்தா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லை. மேல் காஜா நகர்ந்தா பட்டனும் கூடவே நகரணும், மறந்துடாதீங்க.

ஜீன்ஸ் தைக்கிறவன், ஐந்து ரோடு:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஊசியை 16 ஆக்குங்க, இத்தனை அடுக்குக்கு 14 வளையும். ஃபூட் அழுத்தம் குறைக்கிற திருகு இருந்தா கொஞ்சம் தளர்த்துங்க. அப்புறம் தையல் நெருக்கம். ஒரே தடவையில நெருக்கமா எடுத்தா தடிச்ச துணியில கட்டிதான் தட்டும். இடைவெளி விட்டு ஒரு சுற்று ஓட்டுங்க. துணியை அசைக்காம, ஃபூட்டை ஆரம்ப இடத்துக்குக் கொண்டு வந்து அது மேலேயே இன்னொரு சுற்று. நான் ஜீன்ஸ் இடுப்புப் பட்டிக்கு இப்படித்தான் எடுக்கிறேன்.

ஃப்ளீஸ் பக்கம் அடியில பட்டர் பேப்பர் வச்சுத் தைங்க, பல்லுல அந்தப் பஞ்சு சிக்காது, அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

அம்மாபேட்டை அக்கா:
தம்பி சொல்ற ரெண்டு சுற்று எனக்கும் சரிதான். பட்டன் மேல்பக்கம் உப்பலா இருந்தா, ஃபூட்டுக்குப் பின்னாடி பட்டன் வைக்கிற மாட்டியை இன்னும் 2, 3 மி.மீ. இழுத்து விடுங்க. மாட்டிக்கு விட்டம்தான் தெரியும், கனம் தெரியாது. மேல் காஜாவைப் பிரிக்கும்போது மேல் நூலைப் பிடிச்சு இழுக்காதீங்க. திருப்பிப் போட்டு, அடியில பாபின் நூலை மட்டும் வெட்டிக்கிட்டே வாங்க, மேல் நூல் தானா எழுந்து வந்துடும்.

ஏற்காட்டுத் தையல்:
நேத்து ராத்திரி உட்கார்ந்து முடிச்சேன். அடியில வெட்டினதால துணிக்கு ஒரு சேதமும் இல்லாம பிரிஞ்சுது. கீழ் காஜா, கோட்டைத் திருப்பி வச்சு, 3 மடிப்புத் துண்டுத் துணி கொடுத்ததும் முதல் தடவையிலேயே வந்துருச்சு. மேல் காஜாவை 1 செ.மீ. இறக்கி, ரெண்டு சுற்று ஓட்டினேன். ஒரு ஓரம் மட்டும் லேசா நெருக்கமா இருக்கு, மத்தபடி நடுவுல உள்ள அஞ்சோட சேர்ந்தே நிக்குது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் வெட்டலை, கை நடுங்குது.

அம்மாபேட்டை அக்கா:
ரெண்டு முனையிலும் உள்பக்கமா குறுக்கே ஒவ்வொரு குண்டூசி குத்திட்டு, நடுவுல இருந்து முனைக்கு வெட்டுங்க. கத்தி ஊசியில முட்டி நின்னுடும், தையலைத் தாண்டாது. ஃப்ளீஸ் நார் வெளியே எட்டிப் பார்த்தா சின்னக் கத்தரியால கத்தரிச்சு விடுங்கம்மா.