தொலைக்காட்சியின் குற்றத்துக்கு விளையாட்டைப் பழித்தேன்

எங்கள் நண்பர் வட்டத்தில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோலுக்குப் புதிதாக ஒரு சுடும் விளையாட்டு வந்தால் "அண்ணே, வாங்கலாமா?" என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். பல ஆண்டுகளாக ஆடுகிறேன், சொல்வதை யோசித்துத்தான் சொல்வேன் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் ஒருமுறை துரோகம் செய்துவிட்டேன்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. கூடம் சிறியது, பாயை விரித்து உட்கார்ந்தால் திரைக்கும் எனக்கும் நான்கடி தூரம்தான். ஒரு தீபாவளிக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கினோம். அதே வாரம் பிராங்கின் மாலில் ஒரு புதிய ஆட்டத்தையும் வாங்கி வந்தேன். அரை மணி நேரத்திலேயே மனம் கசந்துவிட்டது. கையில் பிடித்து ஆடும் கருவியின் வலது ஸ்டிக்கை, அதாவது கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சியை, தள்ளினால் பார்வை ஒரு கணம் தயங்கிய பிறகே திரும்பியது. கதவோரம் எதிரி தெரிவான். குறிவட்டம் அவனைத் தாண்டிப்போய் நிற்கும். திருத்தினால் மறுபக்கம் தாண்டும். இடுப்பளவுச் சேற்றில் நடப்பது போலிருந்தது. இது தேறாது என்று மூன்று பேரிடம் சொன்னேன். மூவரும் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பழைய நினைவில் ஹேலோவைப் போட்டேன். 2001இல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுடன் வந்த அந்த முதல் ஆட்டம்தான் எனக்கு இன்றும் அளவுகோல். இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்ற முறை அதற்கு முன்பே இருந்தது. அது கைக்கு இயல்பாகப் பழகியது ஹேலோவில்தான். குறிவட்டம் எதிரியின் மேல் வந்ததும் பார்வை திரும்பும் வேகம் சற்றுக் குறையும். உதவி கிடைப்பதே தெரியாமல் உதவுவது அது. இரண்டு துப்பாக்கிக்கு மேல் சுமக்க முடியாது என்பதால் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் எதை விடுவது, எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். எதிரிகளுக்கும் அறிவு உண்டு: தலைவனான எலைட்டை வீழ்த்தினால் கூட இருக்கும் குட்டைக் கிரண்டுகள் கையை உயர்த்திக்கொண்டு அலறி ஓடும். யாரை முதலில் சுடுவது என்பதே அங்கே ஒரு கேள்வியாகிவிடுகிறது. ஒரே மாதிரி அறைகள் திரும்பத் திரும்ப வரும் 'லைப்ரரி' கட்டத்தை மட்டும் நான் என்றுமே விரும்பியதில்லை.

அன்று அந்த ஹேலோவும் கையில் கனத்தது. கண்ணை மூடினாலும் என் விரல்களுக்குத் தெரிந்த ஆட்டம் அது. அப்போதுதான் நோய் தொலைக்காட்சியில் இருக்கிறது என்று விளங்கியது. இக்காலத் தொலைக்காட்சிகள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. கூர்மையாக்குகின்றன, அசைவு வழவழப்பாகத் தெரிய இடையிடையே புதுப் படங்களைச் செருகுகின்றன. அந்த வேலைக்கு நேரம் பிடிக்கிறது. நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. தொலைக்காட்சி 100 மில்லி நொடி தாமதித்தால் ஆறு படம் பின்தங்கிவிடும். திரைப்படம் பார்க்கும்போது ஒலியும் சேர்ந்தே தாமதிப்பதால் தெரியாது. விரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

தொலைக்காட்சியின் அமைப்புகளில், இந்த மெருகு வேலைகளைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' என்பதைத் தேடி இயக்கினேன். நான் பழித்த ஆட்டத்தை மறுபடி போட்டேன். வேறு ஆட்டம் போலிருந்தது! பக்கவாட்டில் நடந்துகொண்டே ஒரு கதவின் கைப்பிடி மேல் குறிவட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது போல் நின்றது. இப்போதெல்லாம் ஒரு தோட்டாவும் சுடாமல் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறேன்.

என் மனைவிக்குப் பின்னால் இருந்து பார்த்தாலே தலை சுற்றும். அதற்கும் வழி கிடைத்தது. தள்ளி உட்கார்ந்து ஆடுவார்கள் என்ற கணக்கில் கன்சோல் ஆட்டங்களில் பார்வைக் கோணத்தை, அதாவது ஆட்டத்தின் உலகம் திரையில் எவ்வளவு அகலத்துக்குத் தெரியும் என்பதை, குறுக்கி வைப்பது வழக்கம். நான்கடியில் உட்காருபவர்களுக்கு அது ஒத்துவராது. கோணத்தை அகலமாக்கியதும் அவளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

மூவரில் இருவரிடம் தொலைபேசியிலேயே விவரத்தைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆளை நேரில் பார்க்கத் தோன்றியது. கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கிக்கொண்டு, பெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அந்த ஆட்டத்தைத் தம்பியோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவன் என்னிடம் கேட்டிருக்கிறான். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஒரே பாயில் உட்கார்ந்து ஆடும் வசதி அதில் இருந்தது. 1997இல் கோல்டன்ஐ 007 ஒரே திரையில் நான்கு பேரை ஆட வைத்தது. 2015இல் வந்த ஹேலோ 5இல் இருவருக்குக்கூட அந்த வசதி கிடையாது. இப்படி அருகிப்போன ஒன்றைத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி அதற்குள் வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டான்.

நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அண்ணே விட்டேன்," என்றான். அதில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகம் பார்க்க முடியவில்லை. அவனுடைய தொலைக்காட்சியிலும் 'கேம் மோட்' அணைந்தே கிடந்தது, சரிசெய்து கொடுத்தேன். ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெட்டியின் மேலுறையைக்கூட அவன் பிரிக்கவில்லை. தைப்பூசத்துக்குத் தம்பி வருவான், அன்றைக்குப் பிரிக்கலாம் என்று சாமி மேடைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தான்.