இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியபின் பயிற்சிக்குப் போன கதை

விழுப்புரத்திலிருந்து, 22 ஆண்டுகளாக பைக் ஓட்டுபவர்:

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்." வண்டி கற்றுக்கொடுத்த அன்று என் மாமா சொன்னது. அதை வேதவாக்காக வைத்துக்கொண்டேன். எனக்குப் பிரேக் என்றால் வலது கால் மட்டும்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் போகும் வழியில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. கால் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டியின் பின்பாகம் இருபக்கமும் அலைந்து, என்னைத் தூக்கிப் போட்டது. முழங்கையில் எட்டுத் தையல். வீட்டில் எல்லோரும் டிராக்டர்காரரைத் திட்டினார்கள். நானும்தான்.

பயிற்சிக்குப் போனது எனக்காக அல்ல. கல்லூரியில் சேர்ந்த மகன் பைக் கேட்டான். முதலில் ஒரு நாள் பைக் ஓட்டும் பயிற்சி, பிறகு பைக் என்றேன். "நீங்களும் வந்தால் வருகிறேன் அப்பா" என்றான். அவனுக்குத் துணையாகப் போவதாகத்தான் நினைத்தேன்.

இடம் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். 3.7 கிலோமீட்டர் தடத்தில் பறக்கப்போகிறோம் என்று மகன் கனவு கண்டுகொண்டு வந்தான். காலை முழுவதும் எங்களை வைத்திருந்தது வண்டி நிறுத்தும் திடலில். சுண்ணாம்பில் ஒரு கோடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். முதலில் பின் பிரேக் மட்டும். நான் நின்ற இடத்துக்கு நாடா பிடித்து அளந்தார்கள்: 18 மீட்டர். பிறகு இரண்டும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி இறுக்கச் சொன்னார்கள். நாலைந்து முறை பயந்து பயந்து செய்தபின் 10 மீட்டரில் நின்றேன்.

அந்த எட்டு மீட்டர்தான் என்னை உலுக்கியது. பிரேக் பிடித்தால் பாரத்தின் பெரும்பகுதி முன்னே சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தைத்தான் நான் இத்தனை காலம் மிதித்துக்கொண்டிருந்தேன். என் வண்டி 2014-இல் வாங்கியது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஆகவே என் சக்கரம் பூட்டிக்கொண்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. டிராக்டர்காரர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது, ஆனால் பாதியாகிவிட்டது.

மதியம் இன்னொரு அதிசயம். இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடியை முன்னே தள்ளு என்றார் பயிற்சியாளர். நான் சிரித்துவிட்டேன். உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்புகிறது என்பதுதானே நம் அனைவரின் நம்பிக்கை? கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கிய கீத் கோட், இந்த நம்பிக்கையைச் சோதிக்கவே ஒரு வண்டியில் அசையாத இரண்டாவது கைப்பிடியைப் பொருத்தினாராம். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சாய்ந்தாலும் வண்டி உருப்படியாகத் திரும்பாது. எனக்கு அந்த வண்டி தேவைப்படவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளங்கையால் லேசாகத் தள்ளியதும் வண்டி சட்டென்று சாய்ந்தது. இத்தனை ஆண்டுகளும் என் கை இதைத்தான் செய்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல்.

குறுகலான இடத்தில் மெதுவாக முழு வட்டம் அடிக்கும் பயிற்சியில் நான் மூன்று முறை காலை ஊன்றினேன். மகன் ஒருமுறைகூட ஊன்றவில்லை. அவன் மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

கோவையிலிருந்து, ஓட்டத் தொடங்கி ஒன்றரை ஆண்டு:

ஐயா, நான் உங்கள் மகன் கட்சி. ஸ்கூட்டரில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவள். பிறகு கியர் வண்டி வாங்கி, மூன்றாவது மாதமே தோழிகளுடன் வால்பாறைக்குக் கிளம்பிவிட்டேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அதையே பார்த்தேன். வண்டியும் அதை நோக்கியே போனது! ஓட்டுநர் நிறுத்திவிட்டதால் பிழைத்தேன். அவர் திட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பயிற்சியில் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளம், பஸ்ஸைப் பார்த்தால் பஸ். வளைவு முடியும் இடத்தைப் பார், முகவாயைத் தோளுக்குமேல் கொண்டுபோ. கேட்க எளிதாக இருக்கிறது. பயம் வந்த நேரத்தில் கண்ணை இழுத்து எடுப்பதற்குத்தான் நாள் முழுவதும் பழக வேண்டியிருந்தது. அடுத்த முறை போனபோது ஒன்பதாம் வளைவில் நின்று தேநீர் குடிக்கும்போது கை நடுங்கவில்லை.

மதுரையிலிருந்து ஒருவர்:

நல்லதுதான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு பயிற்சி முடித்த இரண்டு பேர் மறுவாரமே ஊர்ச்சாலை வளைவில் வண்டியைச் சாய்த்து, முழங்கால் தரையில் உரசுமா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பந்தயத் தடத்தில் மணலும் ஆட்டுக்குட்டியும் குறுக்கே வராது. பிரேக், கண், மெதுவாகத் திருப்புவது, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அந்தக் கட்டணம் செரிக்கும். என்னைக் கேட்டால், சாய்வதை முதல் நாளே கற்றுத்தரவே கூடாது.

விழுப்புரத்திலிருந்து, மீண்டும்:

மதுரைக்காரர் சொல்வது சரி. மகனுக்கு இன்னும் பைக் வாங்கவில்லை, என் வண்டியிலேயே பழகுகிறான்.

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயது, இன்னும் தன் பழைய வண்டியில்தான் சந்தைக்குப் போகிறார். "அதெல்லாம் புது வண்டிக்கு" என்றார். வாசலில் நின்ற அவர் வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். கைப்பிடியோடு ஒட்டும் வரை வந்தது. குனிந்தால், கீழே கேபிள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது அறுந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.