செவிலியர் நோயாளரின் ‘அட்வகேட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ் வகுப்பினர் சாட்ஸ்வொர்த் வட்டாரத்து முதியவர்களுக்காக, அரசு மருத்துவமனையில் நோயாளருக்கு உள்ள உரிமைகளை விளக்கும் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். ‘செவிலியர் நோயாளரின் அட்வகேட்’, அதாவது நோயாளரின் சார்பில் நின்று அவருடைய உரிமையைக் காப்பவர், என்னும் ஒரு வரியில் வேலை நின்றுவிட்டது. இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

‘நோயாளர் வழக்கறிஞர்’ என்பது எங்கள் நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே சட்டத் தொழிலே அட்டர்னி, அட்வகேட் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அங்கி அணிந்து நீதிமன்றத்தில் வாதாடுபவரைத்தான் அட்வகேட் என்கிறோம். கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டியிடம் ‘இவர் உங்கள் வழக்கறிஞர்’ என்று ஒரு செவிலியரைக் காட்டினால், தம்மீது ஏதோ வழக்கு இருக்கிறது என்றே அவர் அஞ்சுவார். ‘வக்காலத்து’ என்பதை எடுத்துப் பேசவே வேண்டாம். ஒருவர் வக்காலத்து வாங்குகிறார் என்று நாம் சொல்லும்போதே அதில் ஒரு குறை தொனிக்கிறது.

‘பரிந்துரையாளர்’ என்னும் சொல் எனக்கு முதலில் பிடித்திருந்தது. பரிந்து உரைப்பவர் என்ற அதன் வேர்ப்பொருள் நாம் தேடுவதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை வந்துவிட்டது. மருத்துவர் மருந்தைப் பரிந்துரைக்கிறார். சிறிய கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது பரிந்துரைக் கடிதம் தருகிறார். செவிலியரைப் பரிந்துரையாளர் என்றால், அவர்தான் மருந்து எழுதித் தருபவர் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். ‘துணைநிற்பவர்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. துணைச்செவிலியர், துணை இயக்குநர் என்று பதவிப் படிநிலையில் பழகிய காதுக்கு, யாருக்கோ கீழே நிற்பவர் என்ற எண்ணமே வரும்.

சொல்லை விட்டுச் செயலைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து ஓர் அரசு மருத்துவமனையில் கிடந்தார். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழும் ஓரளவு சூலுவும் மட்டுமே பேசுவார். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதப் படிவத்தில் அவருடைய பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. தள்ளுவண்டி வார்டின் கதவை நெருங்கியபோது சிஸ்டர் அவரிடம், “அம்மா, இப்போது உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள்?” என்று சூலுவில் கேட்டார். “படம் எடுக்கப் போகிறார்கள்” என்றார் பெரியம்மா. சிஸ்டர் குனிந்து வண்டிச் சக்கரத்தின் தடையைக் காலால் அழுத்தினார். மருத்துவர் வரும்வரை வண்டி நகரவில்லை. எனக்குத் தொலைபேசி வந்தது. மருத்துவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அனைத்தையும் கேட்டறிந்த பிறகு பெரியம்மா தாமாகவே “சரி” என்றார்.

2003-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டம் கேட்பதும் இதைத்தான்: நோயாளருக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவையும் கருத்தில் கொண்டு, இயன்றவரை விளக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் இருப்பது தள்ளுவண்டியின் அருகே நடப்பதற்கு அங்கே ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிஸ்டர் அதிகம் பேசவில்லை. அவர் செய்த பெரிய காரியம் வண்டியை நிறுத்தியது. எனவே பேச்சை மட்டும் குறிக்கும் சொல் எனக்குப் போதவில்லை.

ஹவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்னும் நிறுவனத்தின் பராமரிப்பு நிலையங்களிலிருந்து மனநல நோயாளர்கள் தகுதியற்ற இல்லங்களுக்கு மாற்றப்பட்டு 144 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மாற்ற வேண்டாம் என்று குடும்பத்தாரும் மனநல மருத்துவர் அமைப்பும் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அந்த நோயாளர்களுக்காகப் பலர் பேசினார்கள். ஆனாலும் வண்டிகள் புறப்பட்டன.

சூலு மொழியில் அட்வகேட்டுக்கு ‘உம்மேலி’ என்று பெயர். ‘மேலா’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஒருவருக்காக நிற்பவர் என்பது அதன் பொருள். லத்தீன் மூலமும் பக்கத்தில் வருமாறு அழைக்கப்பட்டவர் என்பதே. நம்மிடமும் இந்த எண்ணம் பழையது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும் 950-ஆம் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்று ஒருவனைச் சேர்க்கிறது. உழை என்றால் பக்கம். அந்தச் சொல்லையே மீட்டெடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகர் உழை என்றதும் உழைப்பைத்தான் நினைப்பார். துண்டறிக்கையில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘பரிந்துநிற்றல்’. ஆளைக் குறிக்க, ‘பரிந்துநிற்பவர்’. தாய் பிள்ளைக்குப் பரிந்துகொண்டு நிற்கிறாள் என்று வீட்டில் சொல்வது எல்லோருக்கும் தெரியும். பரிவும் அதில் இருக்கிறது, இடம் விட்டு நகராத நிலையும் இருக்கிறது. பிள்ளையின் தவற்றுக்கும் பரிந்து நிற்கும் தாயை நாம் குறை சொல்வதுண்டே என்று ஒரு மறுப்பு எழலாம். அது நேர்மையான மறுப்பு. ஆயினும் ‘நோயாளருக்கு’ என்ற நான்காம் வேற்றுமையோடு, அவருடைய உரிமையையும் அதே வரியில் சொல்லிவிட்டால் அந்த ஐயம் எழாது என்று நம்புகிறேன். அதனால் துண்டறிக்கையின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “உங்களுக்குப் புரியாமல் உங்கள் உடலில் எதுவும் செய்யப்படாதிருக்க, செவிலியர் உங்களுக்குப் பரிந்துநிற்பவர், புரியாததை அவரிடம் கேளுங்கள்.” இந்த வரியை உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை எழுதுங்கள்.