பகலில் லைட் அடித்தும் பவளம் நீலமாகவே தெரிகிறது, எந்த டைவ் லைட் வாங்கலாம்?

மலைக்காரி (கோத்தகிரி):
வணக்கம். ஏப்ரலில் மறுபடி அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு டைவிங் போகிறோம். போன தடவை 15 மீட்டர் ஆழத்தில், உச்சி வெயில் நேரத்தில், இரவல் வாங்கிய 2000 லூமென் வீடியோ லைட்டைப் பவளத்தின் மேல் அடித்தேன். இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் மிதந்தேன். லைட் எரிகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது, எல்லாம் அதே நீலச் சாம்பல். போட்டோ, வீடியோ எதுவும் எனக்கு வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். இன்னும் அதிக லூமென் வாங்கணுமா? இல்லை, வீட்டில் காட்டெருமைக்காக வைத்திருக்கும் டார்ச்சே ஆகுமா? தேயிலைத் தோட்டத்தின் அந்தக் கோடி வரை அடிக்கும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 8 என்று தண்ணீர் புகாத் தரம் போட்டிருக்கிறது.

உப்புக்காத்து (தூத்துக்குடி):
அக்கா, உங்க லைட்ல கோளாறு இல்ல. தூரமும் விரிவும்தான் கோளாறு.

தண்ணி முதல்ல விழுங்குறது சிவப்பைத்தான். அஞ்சு மீட்டர்லயே பெரும்பகுதி போயிடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். லைட் வெளிச்சத்துக்கும் அதே கதிதான். ரெண்டரை மீட்டர் தள்ளி நின்னு அடிச்சா, போக வர அஞ்சு மீட்டர் தண்ணி. கையில சூரியனையே வச்சிருந்தாலும் சிவப்பு திரும்பி வராது. அரை மீட்டருக்குள்ள போங்க. மிதப்பு கட்டுப்பாடு சரியா இல்லன்னா மட்டும் போகாதீங்க, துடுப்பு பவளத்துல இடிக்கும்.

அடுத்தது விரிவு. லூமென்னா லைட் மொத்தமா தர்ற வெளிச்சம், லக்ஸ்னா ஒரு இடத்துல எவ்வளவு வெளிச்சம் விழுதுங்குற அளவு. 2000 லூமெனை 120 டிகிரிக்கு விரிச்சா, ஒரு மீட்டர் தூரத்துல கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் அகல வட்டம். கணக்குப் போட்டா இருநூறு சொச்சம் லக்ஸ். பகல்ல அந்த ஆழத்துல வெயிலே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், அதுகிட்ட இது எங்க தெரியும்? ஆனா 1000 லூமெனை 10 டிகிரிக்குள்ள குவிச்சா 17 சென்டிமீட்டர் வட்டம், நாப்பதாயிரம் லக்ஸ். பக்கத்துல சிதறுறது போக பாதி வந்தாலும் வெயிலை மிஞ்சிடும். பரந்த லைட் கேமராக்காரங்களுக்கு, இல்லன்னா ராத்திரிக்கு.

கேத்தி கேரட்:
அண்ணன் சொன்னதோடு சி.ஆர்.ஐ. பாருங்கள், அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண். அது 90க்கு மேல் இருக்கணும். மலிவு எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பே குறைவு. லைட்டிலேயே இல்லாத நிறம் பவளத்தில் எப்படித் தெரியும்? வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வின் அளவில் 5000ஐ ஒட்டியது எனக்குப் பிடிக்கும், 6500 கொஞ்சம் நீலம் தட்டும். லைட் கையில் வந்ததும் இருட்டறையில் ஒரு கேரட், ஒரு பீட்ரூட் மேல் அடித்துப் பாருங்கள். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்! சிவப்பு மங்கித் தவிட்டு நிறமாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முகமூடிக்குச் சிவப்பு ஃபில்டர் வாங்காதீர்கள். அது நீலத்தை வெட்டுமே தவிர, இல்லாத சிவப்பைக் கொண்டுவராது.

பேட்டரி பைத்தியம் (குன்னூர்):
காட்டெருமை டார்ச்சைத் தயவுசெய்து இறக்காதீங்க மேடம். ஐ.பி.எக்ஸ். 8 என்றால் தயாரிப்பாளர் சொல்லும் ஆழம் வரைதான், பெரும்பாலும் அது ஒன்றிரண்டு மீட்டர். 15 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டரை மடங்கு, சுவிட்ச் வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். 100 மீட்டர் என்று எழுதிய டைவ் லைட்டாக, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) இரண்டு உள்ளதாக வாங்குங்க. அதைத் தரையில் முழு வெளிச்சத்தில் எரியவிட வேண்டாம், தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி.

கோயம்புத்தூரில் ஏறும்போது உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்கணும், லக்கேஜில் கூடாது. இந்த லைட்டுகளில் வரும் 21700 அளவு பேட்டரி ஒன்று சுமார் 18 வாட்-அவர், விமானத்தில் வரம்பு 100. அதனால் பயமில்லை.

மலைக்காரி:
ரொம்ப நன்றி. டார்ச் காட்டெருமைக்கே இருக்கட்டும். 10 டிகிரியா, 20 டிகிரியா? அப்புறம், கடைசி நாள் காலை டைவ் முடித்து மதியம் விமானம், ராத்திரி வீடு. லைட்டைப் பேட்டரியோடு பையில் போடலாமா?

உப்புக்காத்து:
பேட்டரியைக் கழட்டிடுங்க. அதை விட, அந்தக் கடைசி டைவே வேண்டாம் அக்கா! பல நாள் டைவ் செஞ்சா விமானத்துக்கு முன்னாடி 18 மணி நேரமாவது இடைவெளி வேணும், இல்லன்னா உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் உயரத்துல காத்தழுத்தம் குறையும்போது குமிழாகும். இங்க முங்கிட்டு அன்னிக்கே கார்ல மலையேறுறவங்களுக்கும் இது பொருந்தும், ஊட்டி 2,240 மீட்டர்.

டிகிரி 20 வரை போகலாம். அரை மீட்டர்ல அதுவும் அதே 17 சென்டிமீட்டர் வட்டம்தான். தண்ணி கலங்கலா இருந்தா 10.